மாற்றுவழி இதய அறுவைக்குப் பின் இதய மேற்பரப்புக் கொழுப்பும் அழற்சியும்: கடலூர், சிதம்பரம் பகுதி மறுவாழ்வுப் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாற்றுவழி இதய அறுவை (பைபாஸ்) அடைபட்ட குருதிக்குழாயைக் கடந்து செல்லும் புதிய பாதையை அமைக்கிறது. அடைப்புக்குத் துணைநின்ற கொழுப்பையும் அழற்சியையும் அது அகற்றுவதில்லை. உடற்பருமன் உடைய நோயாளிகளில் இதய மேற்பரப்புக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் முறையையும், அதை அளவிடுகையில் நேரும் பிழைகளையும், படிநிலைப் பயிற்சியின் பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது. அறுவைக்குப் பிந்தைய மீட்பு பெரிதும் வீட்டிலேயே நிகழ்வதால், கடலூர், சிதம்பரம் பகுதிகளில் கிடைக்கும் வாய்ப்புகள் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இதய மேற்பரப்புக் கொழுப்பு, அழற்சி, உடற்பருமன், மாற்றுவழி இதய அறுவை, மறுவாழ்வுப் பயிற்சி.

முன்னுரை

இந்தியாவின் முதல் மாற்றுவழி இதய அறுவையை மருத்துவர் கே. எம். செரியன் 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் செய்தார். அன்று அரிதாக இருந்த இச்சிகிச்சை, 2009-இல் தமிழக அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்திற்குப் பின் எளிய குடும்பத்தினருக்கும் எட்டியது. கடலூர் மாவட்டத்து நோயாளிகள் பலர் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சென்று அறுவை செய்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீட்பு பல மாதங்கள் நீள்கிறது. ‘அடைப்பு நீங்கிவிட்டது’ என்ற நம்பிக்கையும், ‘இனி அசையாமல் இருக்க வேண்டும்’ என்ற வீட்டாரின் அக்கறையும் இம்மாதங்களில் நோயாளிக்குத் தீங்காக முடியக்கூடும்.

இதய மேற்பரப்புக் கொழுப்பின் இயல்பு

இதயத் தசைக்கும் அதைப் போர்த்தியுள்ள உறையின் உட்படலத்திற்கும் இடையே அமைந்திருப்பது இதய மேற்பரப்புக் கொழுப்பு. நலமான உடலில் இது இதயத் தசைக்கு எரிபொருளாகக் கொழுப்பமிலங்களை வழங்குகிறது. குருதிக்குழாய்களுக்கு மெத்தையாகவும் அமைகிறது. இக்கொழுப்பையும் தசையையும் பிரிக்கும் தடுப்புப் படலம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் ஒரே முடியுருத் தமனிகளே குருதி அளிக்கின்றன. ஆகவே, இக்கொழுப்பு சுரக்கும் பொருள்கள் தமனிச் சுவரையும் இதயத் தசையையும் நேரடியாகச் சென்றடைய இயலும்.

உடல் பருக்கும்போது கொழுப்புச் செல்கள் பெருத்து, அவற்றினூடே வெள்ளணுக்கள் குடியேறுகின்றன. அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் குறைந்து, அழற்சியைத் தூண்டும் இண்டர்லியூக்கின்-6, கட்டிச்சிதைவுக் காரணி-ஆல்ஃபா போன்ற புரதங்கள் மிகுகின்றன.

அழற்சிக்கான சான்றுகள்

இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தியது மசூரெக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. மாற்றுவழி அறுவைக்கு உட்பட்டோரின் இதய மேற்பரப்புக் கொழுப்பையும் காலின் தோலடிக் கொழுப்பையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஒரே மனிதரின் இரு கொழுப்புகளுள் இதயத்தைச் சார்ந்ததில் அழற்சிப் புரதங்கள் மிகுதியாக இருந்தன. உடல் நிறைக் குறியீட்டெண், நீரிழிவு, ஸ்டாட்டின் மருந்துப் பயன்பாடு ஆகியவற்றைச் சாராமல் இவ்வேறுபாடு காணப்பட்டது. கொழுப்பின் அளவைப் போலவே அது அமைந்துள்ள இடமும் முதன்மையானது என்பது இதனால் விளங்குகிறது.

அழற்சி நோயின் அடையாளம் மட்டும்தானா, காரணமும் ஆகுமா என்ற வினாவிற்கு 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு விடை தந்தது. மாரடைப்பு கண்ட பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோரிடம் நிகழ்ந்த அவ்வாய்வில், கொழுப்புப் புரத அளவை மாற்றாமல் அழற்சியை மட்டும் குறைத்தபோதும் மீண்டும் இதய நிகழ்வுகள் ஏற்படுவது குறைந்தது.

அளவிடுதலும் அதன் இடர்ப்பாடுகளும்

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23 முதல் மிகை எடையாகவும், 25 முதல் உடற்பருமனாகவும் கொள்ளப்படுகிறது. இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. ஆகும். இதய மேற்பரப்புக் கொழுப்பின் தடிமனை எக்கோ பரிசோதனையில், இதயம் சுருங்கி முடியும் தறுவாயில், வலக் கீழறையின் முன்சுவர் மீது அளப்பது வழக்கம். அறுவைக்குப் பின் இதய உறைக்குள் தேங்கும் நீர் கொழுப்பைப் போலத் தோன்றக்கூடும் என்பதால் கவனம் வேண்டும். சி.டி. ஊடுகதிர்ப் படம் கொழுப்பின் முழுக் கன அளவையும் தரும்.

அழற்சியைக் காட்டும் சி-வினைப் புரதம் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் குறைவாயின் இதய நோய் இடர் குறைவு, 3 மி.கி.க்கு மேற்பட்டால் இடர் மிகுதி. ஆனால், அறுவைக் காயத்தால் இப்புரதம் இரண்டாம், மூன்றாம் நாள்களில் பன்மடங்கு உயர்ந்து, பின் தானாகவே தணிகிறது. முதல் வாரத்து அளவைத் தொடக்க நிலையாகக் கொண்டு மூன்று மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டால், காயம் ஆறியதால் நேர்ந்த வீழ்ச்சியும் பயிற்சியின் பயனாகவே கணக்கிடப்படும். எனவே, காயம் ஆறிய பின்னரே தொடக்க அளவை எடுப்பதும், பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவை அமைப்பதும் இத்துறை ஆய்வுகளுக்கு இன்றியமையாதவை.

பயிற்சியின் பங்கு

2019-இல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வில் வயிற்றுப் பருமன் உடைய 50 பேர் 12 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். மேற்பரப்புக் கொழுப்பு தாங்குதிறன் பயிற்சியால் 32 விழுக்காடும், தசைவலுப் பயிற்சியால் 24 விழுக்காடும் குறைந்தது. அவர்கள் இதய நோயாளிகள் அல்லர்; எனவே அவ்வெண்களை அறுவை செய்துகொண்டோருக்கு அப்படியே பொருத்துதல் தகாது. எனினும், இக்கொழுப்பு உடற்பயிற்சிக்கு இணங்கும் என்பதற்கு அது வலுவான சான்றாகும்.

அறுவைக்குப் பின் பயிற்சி படிப்படியாக அமைதல் வேண்டும். மருத்துவமனையில் மூச்சுப் பயிற்சியும் சில அடி நடையும். வீடு திரும்பியபின் நாளுக்குச் சில நிமிடங்களாகக் கூட்டப்படும் சமதள நடை. நெஞ்செலும்பு கூடியபின், ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்களில், மருத்துவர் இசைவுடன் மென்மையான தசைவலுப் பயிற்சி என்பது பொதுமுறை. நடக்கும்போது இயல்பாகப் பேச முடிதல் ஏற்ற வேகத்தின் அடையாளம். நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு, காயத்தில் கசிவு தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்.

கடலூர், சிதம்பரம் சூழல்

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளும் சமதளமானவை. நெரிசல் தொடங்குமுன் அதிகாலை நடைக்கு உகந்தவை. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் மணலில் நடப்பது இதயத்திற்குக் கூடுதல் சுமை என்பதால், தொடக்க மாதங்களில் சாலையோர நடையே ஏற்றது. 2023-இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கி.மீ. நடைபாதையைப் பின்னாளைய இலக்காகவே கொள்ள வேண்டும்.

நடையுடன் மேற்பார்வையும் தேவை. அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையும் அருகருகே உள்ளன. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவத்தை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. இவை இணைந்து செயல்பட்டால், தொலைநகரில் அறுவை செய்துகொண்டவரும் தம் ஊரிலேயே தொடர் பயிற்சி பெற இயலும்.

முடிவுரை

மாற்றுவழி அறுவை உயிர் காக்கும் சிகிச்சை. ஆயினும் நோயின் முடிவு அன்று. புதிதாகப் பொருத்திய குழாயும் அதே அழற்சிச் சூழலில்தான் இயங்க வேண்டியுள்ளது. ஆகவே, மருந்துடனும் அளவான உணவுடனும் படிநிலைப் பயிற்சியைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவமனை எழுதித் தருதல் வேண்டும். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அழற்சி அளவையும் தொடர்ந்து கண்காணிப்பது, அறுவையால் பெற்ற பயனை நிலைநிறுத்தும் வழியாகும்.