சிவப்பு மையில் எழுதிய இசை

திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து செல்லும் வேளையில், ஆர்கன் இசை எழும்பிக் கோவிலின் கூரையைத் தொட்டுத் திரும்புவதைக் கேட்டு ஒரு கணம் நின்றுவிடுகிறோம். வாசிப்பவரின் விரல்களை வியக்கிறோம். இயற்றியவரின் பெயரைக் கேட்டறிகிறோம். ஆனால் வாசிப்பவரின் முன்னே விரிந்து கிடக்கும் அந்த அச்சுத் தாளைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலுள்ள குறிகள் எல்லாம் இயற்றியவரே இட்டவைதாமா? அச்சுக்கூடத்தில் நேர்ந்த பிழையா? பின்னால் வந்த ஒருவரின் திருத்தமா? இக்கேள்விகளுக்கு விடை காண ஜெர்மன் நாட்டு அறிஞர் சிலர் தம் வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்டிருக்கின்றனர். மாக்ஸ் ரேகர் என்னும் இசை மேதையின் ஆர்கன் படைப்புகளை ஏழு தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த அவர்களது உழைப்பை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நலம்.

ஒரே கோவில், இரு சபைகள்

ரேகர் 1873-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, பவேரியாவிலுள்ள பிராண்ட் என்னும் சிற்றூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். குடும்பம் வைடன் நகரில் குடியேறியபின், அடல்பெர்ட் லிண்ட்னர் என்ற ஆசிரியரிடம் இசை பயின்று, இளம் வயதிலேயே கோவில் ஆர்கனில் அமர்ந்தார். அந்நகரின் புனித மிக்கேல் கோவிலைக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அக்காலத்தில் பகிர்ந்து வழிபட்டு வந்தனர். ஒரு கூரையின் கீழ் இரு மரபுகளின் பாடல்களும் ஒலித்த அந்தச் சூழலில்தான் அச்சிறுவன் வளர்ந்தான்.

பின்னாளில் அவர் இயற்றியவற்றை நோக்கினால் இதன் பயன் புலனாகும். லூத்தர் இயற்றிய ஞானப்பாடல் ஒன்றைக் கருவாகக் கொண்டு 1898-இல் அவர் அமைத்த பெரும் ஆர்கன் படைப்பு (எண் 27), பிரிந்த சகோதரர்களின் கோவில்களில் வரவேற்கப்பட்டது. 1901-இல் வெளிவந்த எண் 59 தொகுப்பிலோ கீரியே, குளோரியா, பெனடிக்டுஸ், தெதேயும் என்று நம் வழிபாட்டின் பெயர்களே தலைப்புகளாக நிற்கின்றன. சபைகள் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய அந்நாளில், ஒரே கை இரு சாராருக்கும் இசை எழுதியது.

வாழ்வு அவரை எளிதில் விடவில்லை. 1898-இல் உடலும் உள்ளமும் நலிந்து, கடனோடு பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பினார். ஆயினும் அந்த வைடன் வீட்டிலிருந்துதான் அவருடைய மாபெரும் ஆர்கன் படைப்புகள் பல பிறந்தன. 1902-இல் மணவிலக்குப் பெற்ற புராட்டஸ்டண்டுப் பெண்ணான எல்சாவை மணந்ததனால், அவர் திருச்சபையினின்று விலக்கி வைக்கப்பட்டார். இத்துயரத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னும் இறைவனைப் பாடும் இசை அவரிடமிருந்து ஓயவில்லை.

இரு மைகள்

ரேகரின் கையெழுத்துப் பிரதியைப் பார்ப்போர் முதலில் காண்பது நிறம். சுரங்களைக் கறுப்பு மையில் எழுதுவார். எங்கே மெல்ல ஒலிக்க வேண்டும், எங்கே படிப்படியாக உயர வேண்டும், எந்த வேகத்தில் செல்ல வேண்டும் என்ற குறிப்புகளைச் சிவப்பு மையில் இடுவார். செவிக்கு எட்டாத மென்மையிலிருந்து கோவிலையே அதிர வைக்கும் முழக்கம் வரை அவர் இசை ஏறி இறங்குவதால், சிவப்புக் குறிப்புகள் பக்கமெங்கும் நெருங்கிக் கிடக்கும்.

இத்தனை நெருக்கமான தாளைப் பார்த்து அச்சுத் தகட்டில் செதுக்குபவர் ஒரு வளைகோட்டை ஒரு சுரம் முன்னதாகவே முடித்துவிடலாம். ஒரு குறியைக் கைதவறி விட்டுவிடலாம். நம் பழஞ்சுவடிகளைப் படியெடுத்தபோது பாடபேதம் தோன்றியதைப் போன்றதே இது.

நண்பர்களின் அன்பாலும் பேதம் தோன்றும். ரேகரின் ஆர்கன் படைப்புகளை உலகறியச் செய்தவர் கார்ல் ஸ்ட்ரௌபே என்னும் பெரும் கலைஞர். ஆனால் ரேகர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1938-இல், எண் 27 படைப்பைத் தம் காலத்துச் சுவைக்கேற்ப வேகக் குறிப்புகளையும் ஒலிக் குறிப்புகளையும் மாற்றி அவர் வெளியிட்டார். நல்லெண்ணத்தோடு செய்த மாற்றமே. ஆயினும் அது ரேகரின் சொல் அன்று. ரேகரின் கடைசிப் பெரும் ஆர்கன் படைப்பு (எண் 135பி) 1916-இல் அச்சேறியபோது, மூலத்தில் இருந்த பகுதிகள் சில குறைந்திருந்தன. அக்குறைப்பில் நண்பரின் பங்கு எவ்வளவு, இயற்றியவரின் மனம் எவ்வளவு என்று அறிஞர் இன்னும் விவாதிக்கின்றனர்.

மனைவி இட்ட விதை

ரேகரின் மனைவி எல்சா 1947-இல், போரில் நொறுங்கிய நாட்டில், பான் நகரில் மாக்ஸ் ரேகர் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். கணவரின் கையெழுத்துத் தாள்களும் கடிதங்களும் அங்கே சேர்ந்தன. 1996-இல் அந்நிறுவனம் கார்ல்ஸ்ரூ நகருக்கு மாறியது. அங்கிருந்த அறிஞர்களே, மைன்ஸ் நகர அறிவியல் கழகத்தின் துணையோடு, இந்த ஆய்வுப் பதிப்பை உருவாக்கினர். ஸ்டுட்கார்ட் நகரின் காருஸ் பதிப்பகம் முதல் தொகுதியை 2010-இல் வெளியிட்டது.

அவர்களின் முறை எளிது, பொறுமைதான் அரிது. ரேகரே மெய்ப்புப் பார்த்து வெளிவந்த முதல் அச்சைத் தலைமை ஆதாரமாகக் கொண்டனர். அதைக் கையெழுத்துப் பிரதியோடு குறிக்குக் குறி ஒப்பிட்டனர். வேறுபாடு கண்ட இடத்தில் தம் முடிவையும் அதன் காரணத்தையும் பதிவு செய்தனர். அத்துடன் நில்லாது, மூலத்தாள்களின் படங்களையும் ஒளித்தட்டில் சேர்த்து அளித்தனர். "எங்கள் சொல்லை நம்புங்கள்" என்னாமல், "இதோ மூலம், நீங்களே பாருங்கள்" என்று சான்றை வாசகர் கையில் கொடுத்துவிடும் நேர்மை இது.

கடைசித் தாள்

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டில், இலத்தீன் திருச்சபையில் குழல் ஆர்கனைப் பெரிதும் மதிக்க வேண்டுமென்று பணித்தது. ஒரு கருவியை மதிப்பதென்றால், அதற்காக எழுதியவரின் சொல்லைக் காப்பதும் அதில் அடங்கும் அன்றோ?

1916 மே மாதம் 11-ஆம் நாள், லைப்சிக் நகர விடுதி ஒன்றில் ரேகர் உயிர் நீத்தார். வயது 43. படுக்கையருகே, எட்டுத் திருப்பாடல்கள் அடங்கிய தம் 138-ஆம் படைப்பின் மெய்ப்புத் தாள்கள் கிடந்தன. சாவின் வாசலிலும் அவர் கையிலிருந்த பணி பிழை திருத்துவதே. அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் அதனைத் தொடர்ந்தனர். திருச்சபையோடு அவருக்கு நேர்ந்த பிளவுக்குக் காரணமான அதே மணவாழ்வே, அவருடைய சொல் சிதையாமல் காக்கப்படவும் காரணமாயிற்று. இறைவனின் வழிகளை நாம் யார் அளந்தறிய?

அடுத்த முறை ஆர்கன் ஒலிக்கும்போது, வாசிப்பவரோடு அந்தத் தாளையும் நினைவில் கொள்வோம். ஒருவர் எழுதியதை அவர் எழுதியவாறே கையளிப்பதும் அன்பின் பணிகளுள் ஒன்றே.