ஆவணங்கள் காத்த செங்கற்கோட்டை

போலந்தின் வடபகுதியில், விஸ்துலா ஆற்றின் கிளையான நோகாட்டின் கரையில் நிற்கும் மால்போர்க் கோட்டை, ஏறத்தாழ 21 ஹெக்டேர் பரப்பில் விரிந்து, செங்கல்லால் கட்டப்பட்ட கோட்டைகளுள் உலகிலேயே மிகப் பெரியதாகக் கருதப்படுகிறது. 1997இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இடைக்காலக் கட்டடக்கலையின் சிறப்போடு, இங்கு நடைபெற்ற புனரமைப்புப் பணிகளையும் காரணமாகக் காட்டியது. பழமையைப் பேணுவதில் இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ள முறைகள் பல இங்கேதான் உருப்பெற்றன என்பது அதன் கணிப்பு.

கோட்டையைக் கட்டியவர்கள் டியூடானிக் சபையினர். 1190இல் சிலுவைப் போர்க் காலத்தில், பாலஸ்தீனக் கடற்கரையிலுள்ள ஆக்கர் நகரில், நோயுற்ற ஜெர்மானியப் படைவீரர்களைப் பேணும் மருத்துவமனையாகத் தோன்றிய இச்சபை, விரைவிலேயே வீரத்துறவியர் அமைப்பாக மாறியது. அதாவது, துறவு நோன்புகளை ஏற்றவர்களே வாளும் ஏந்தினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பால்டிக் கரையோரத்துப் பிரஷ்யப் பழங்குடிகளை வென்று மதமாற்றிய சபை, 1270களில் இங்குக் கட்டுமானத்தைத் தொடங்கி, கன்னி மரியாளின் பெயரால் மரியன்பர்க் என்று அழைத்தது. 1309இல் சபையின் பெருந்தலைவர் வெனிஸ் நகரிலிருந்து தம் இருக்கையை இங்கு மாற்றியதும், எல்லைக் காவல் மடமாக இருந்த கோட்டை ஓர் அரசின் தலைநகரமாகப் பெருகிற்று.

வெட்டியெடுக்கத் தக்க பாறை இல்லாத வண்டல் நிலமாகையால், பனியாறுகள் விட்டுச்சென்ற உருண்டைக் கற்களை அடித்தளத்துக்கும், அருகிலுள்ள களிமண்ணைச் சூளையிலிட்டுச் சுட்ட செங்கல்லைச் சுவர்களுக்கும் பயன்படுத்தினர். மேல்கோட்டை, நடுக்கோட்டை, வெளிக்கோட்டை என மூன்றாகப் பிரிந்த வளாகத்தில், நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்தையுடைய மேல்கோட்டையே மடத்தின் உட்பகுதி. தேவாலயம், சபை கூடும் மண்டபம், உறங்குமிடங்கள், கருவூலம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கின. மேல்கோட்டையிலிருந்து விலகி, அகழியின் மேல் தனித்து நிற்கும் கோபுரம் ஒன்று, வளைவுகள் தாங்கும் நீண்ட நடைபாதையால் இணைக்கப்பட்டுள்ளது. அது கழிப்பறைக் கோபுரம். கோட்டை வீழும் தறுவாயில் இறுதிப் புகலிடமாகவும் பயன்படத்தக்கது.

நடுக்கோட்டையின் பெரிய உணவுக்கூடத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள கூடத்தின் வளைகூரை முழுவதையும் மெல்லிய கருங்கல் தூண்கள் மூன்றே தாங்குகின்றன. ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் செங்கல் வளைவுகள் பனையோலை போலப் பிரிந்து விரிகின்றன. இக்கட்டடங்களை வெப்பமூட்டிய முறையும் வியப்புக்குரியது. தரைக்குக் கீழே உலையின் மேல் கற்களைக் குவித்து, விறகெரித்து அவற்றைக் காய்ச்சி, நெருப்பு அணைந்து புகை வெளியேறிய பின்னரே தரைத் துளைகளின் மூடிகளைத் திறந்தனர். அதனால் புகையில்லாத வெப்பக் காற்று மட்டுமே கூடத்துள் எழுந்தது. பெருந்தலைவரின் மாளிகையிலுள்ள கோடைக்கால உணவுக்கூடத்திலோ ஒரே ஒரு தூண்தான். 1410இல் குருன்வால்டு போரில் சபையைத் தோற்கடித்த போலந்து–லித்துவேனியப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அத்தூணை வீழ்த்த எறிந்த பீரங்கிக் குண்டு குறி தவறிச் சுவரில் புதைந்தது என்பது வழிவழிக் கதை. சுவரிலிருக்கும் குண்டை இன்றும் காணலாம்.

அம்முற்றுகையில் கோட்டை விழவில்லை. பணம்தான் அதை வீழ்த்தியது: கூலிப்படையினருக்குச் சம்பளம் தர இயலாத சபை கோட்டையையே அவர்களிடம் ஈடு வைக்க, அவர்கள் 1457இல் அதனைப் போலந்து மன்னர் நான்காம் காசிமிருக்கு விற்றுவிட்டனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் போலந்தின் வசமிருந்த கோட்டை 1772இல் பிரஷ்யாவின் கைக்குப் போனபோது படைக்கொட்டடியாகவும் தானியக் கிடங்காகவும் சிதைக்கப்பட்டது. 1794இல் இங்கு வந்த இளம் கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் கில்லி தீட்டிய ஓவியங்கள் பெர்லினில் காட்சிக்கு வந்து மக்களின் கவனத்தை ஈர்த்தன. 1803இல் கவிஞர் மாக்ஸ் ஃபொன் ஷென்கென்டார்ஃப் இடிப்பைக் கண்டித்துப் பெர்லின் இதழில் எழுத, மறு ஆண்டே அரசாணை இடிப்பை நிறுத்தியது.

1817இல் தொடங்கிய முதல் புனரமைப்பு, இடைக்காலத்தைக் கற்பனையில் கண்டவர்களின் வேலை. சான்றைவிட அழகுணர்ச்சியே அதை வழிநடத்தியதால், அதில் பலவும் பின்னர் திருத்தப்பட வேண்டியதாயிற்று. 1882இல் பொறுப்பேற்று நாற்பது ஆண்டுகள் பணியாற்றிய கான்ராட் ஸ்டைன்பிரெக்ட் வேறு வகையானவர். அகழ்ந்தும், சுவர்களை அளந்தும், பழம் கணக்கேடுகளோடு ஒப்பிட்டும் அவர் முடிவெடுத்தார். ஒவ்வொன்றையும் வரைபடமாகவும் புகைப்படமாகவும் பதிவு செய்தார். அவரும் சில இடங்களை ஊகத்தால் நிரப்பினார் என்பது உண்மை. ஆயினும் அந்தப் பதிவுகளின் பெறுமதி அவர் மறைந்த பிறகே முழுமையாகத் தெரியவந்தது.

1945இன் தொடக்கத்தில் ஜெர்மானியப் படைக்கும் செஞ்சேனைக்கும் இடையே நடந்த சண்டையில், கோட்டையின் பாதிக்கு மேற்பட்ட பகுதி அழிந்தது. தேவாலயத்தின் கிழக்குச் சுவரின் வெளிப்புற மாடத்தில், வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் பொன்னும் பதித்து, ஏறக்குறைய 8 மீட்டர் உயரத்தில் நின்ற மரியன்னையின் உருவமும் அப்போது தகர்ந்தது. ஜெர்மானிய ஆதிக்கத்தின் சின்னமாகக் கருதப்பட்ட ஒன்றை, போரினால் நொறுங்கிய நாடு தன் செலவில் எழுப்ப வேண்டுமா என்ற கேள்வி போலந்தில் எழுந்தது இயல்பே. 1959இல் நடுக்கோட்டையில் தீயும் பரவியது. 1961இல் இங்கு அருங்காட்சியகம் அமைந்தபின் மறுகட்டுமானம் உறுதியாகத் தொடர்ந்தது. பகைவராகக் கருதப்பட்டவர்கள் விட்டுச்சென்ற வரைபடங்களையே வழிகாட்டியாகக் கொண்டு போலந்துக் கைவினைஞர்கள் சுவர்களை எழுப்பினர். அந்தப் பெருந்தன்மை கட்டடக்கலை வரலாற்றில் அரிதானது.

தேவாலயத்தின் புனரமைப்பும் மரியன்னை உருவத்தின் மீட்டுருவாக்கமும் 2016இல்தான் நிறைவெய்தின. கோட்டைக்குச் செல்வோர் மண்டபங்களோடு நின்றுவிடாமல் சுவர்களின் அருகிலும் சென்று செங்கற்களின் நிற வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எது பழையது, எது புதியது என்பதை அங்கே கண்ணாலேயே பிரித்தறியலாம்.