வேருக்குத் தெரியும் உர ருசி!

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு உர மூட்டையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்க வீட்டில் முதன்முதலா காலேஜ் படி ஏறினவன் நான். என் பீஸ் வருவது சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டு மக்காச்சோளத்தில்தான்.

போன புரட்டாசியில் விதை ஊன்றிய குழியிலேயே அப்பா யூரியாவையும் போட்டுவிட்டார். முளைத்ததில் பாதி கருகிப் போச்சு. "ஏலே, நீ படிக்கிற பய, என்ன தப்புன்னு சொல்லு" என்றார். முழித்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. கரிசல் மண்ணில் காரம் அதிகம் என்பதால் அம்மோனியா வாயுவாகவே நிறைய நிற்கும். இளவேரின் நுனி வெந்துவிடும்.

அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து சுமார் 21 சதவீதம்தான். ஆனால் வேர் அம்மோனியத்தை உறிஞ்சும்போது அமிலத்தை வெளியே விடும். அதனால் கரிசலில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தும் துத்தநாகமும் கொஞ்சம் இளகி வேருக்குக் கிடைக்கும். நைட்ரேட்டை உறிஞ்சினால் நேர்மாறு. வேரைச் சுற்றிக் காரம் கூடும்.

வேரின் உருவமும் மாறும். அம்மோனியம் பக்கவேரைக் கிளைக்க வைக்கும். நைட்ரேட் அதை நீளமாக்கும். 1975-ல் ட்ரூ என்ற விஞ்ஞானி பார்லி வேரின் ஒரு பகுதிக்கு மட்டும் நைட்ரேட் கொடுத்தார். அந்த இடத்தில் மட்டும் பக்கவேர்கள் அடர்ந்து வளர்ந்தன! சோறு இருக்கிற பக்கம்தானே கை நீளும்?

ஈரமான சூட்டு மண்ணில் அம்மோனியத்தைப் பாக்டீரியாக்கள் சில வாரத்தில் நைட்ரேட் ஆக்கிவிடும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, மழையோடு இறங்கிவிடும். அந்த மாற்றத்தை வேப்பெண்ணெய் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் 2015-ல் உள்நாட்டு யூரியா முழுவதுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது.

எந்த உரமானாலும் அளவு மீறினால் இலை கறுகறுவென்று வளரும். அதற்கேற்ற வேர் இருக்காது. பத்து நாள் மழை தப்பினால் அதுதான் முதலில் வாடும்.

இந்த வருஷம் விதைக்கு நாலு விரல் தள்ளி, மூன்று தவணையாக உரம் வைத்து மண்ணால் மூடினோம். முப்பதாம் நாள் அப்பா ஒரு செடியைப் பிடுங்கி, வேரை வாய்க்காலில் அலசிப் பார்த்தார். கை நிறைய வேர்! "படிக்க வச்சது வீண் போகலடா" என்றார்.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் இலையைப் பார்த்து மட்டும் சந்தோஷப்படாதீர்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள்!