துப்பாக்கி உறுப்புகளுக்கான மீயொலித் தூய்மிக் கரைசல்

மீயொலித் தூய்மிக் கரைசல் என்பது மீயொலி அலைகளைக் கொண்டு பொருட்களைத் தூய்மையாக்கும் தொட்டியில் பயன்படுத்தப்படும் நீர்மம் ஆகும். துப்பாக்கியின் குழல், பூட்டு, விசைத் தொகுதி போன்ற உறுப்புகளில் படியும் எரிமருந்துக் கரி, ஈயம், செம்பு, பழைய எண்ணெய் ஆகியவற்றை நீக்க இம்முறை பயன்படுகிறது. ஓர் உலோகத்துக்குப் பொருந்தும் கரைசல் மற்றொன்றை அரித்துவிடக்கூடும். ஆகவே கரைசலைத் தெரிவு செய்வது இம்முறையின் முதன்மையான படியாகக் கருதப்படுகிறது.

செயற்படும் விதம்

இக்கருவிகள் பெரும்பாலும் 40 கிலோ ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அதிர்வினால் நீர்மத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி, உடனே உள்நோக்கிச் சிதைகின்றன. அப்போது எழும் அதிர்ச்சி, தூரிகை எட்டாத துளைகளிலும் இடுக்குகளிலும் உள்ள அழுக்கைப் பெயர்க்கிறது. கரைசலில் உள்ள பரப்பு இழுவிசை குறைப்பிகள் பெயர்ந்த அழுக்கையும் எண்ணெயையும் மீண்டும் ஒட்டாமல் நீரில் தாங்கி நிற்கின்றன.

உலோகத்துக்கு ஏற்ற தெரிவு

* எஃகு: மென்காரக் கரைசல்கள் பொதுவாகப் பொருந்தும். துருத்தடுப்பான் சேர்க்கப்பட்டவை சிறந்தவை.
* நீலமேற்றிய எஃகு: இதன் கருநீல மேற்பூச்சும் ஒருவகை இரும்பு ஆக்சைடே (மேக்னடைட்டு). துருவைக் கரைக்கும் அமிலங்கள் இதனையும் கரைத்துவிடும். வினிகரும் இதற்கு விலக்கன்று.
* அலுமினியம்: இதன் பாதுகாப்பான ஆக்சைடு படலம் ஏறத்தாழ 4 முதல் 8.5 வரையான பி.எச். மதிப்பிலேயே நிலைத்திருக்கும். எரிசோடா போன்ற வன்காரங்கள் படலத்தைக் கரைத்து, உலோகத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வளிமத்தை வெளிவிடும். நடுநிலைக் கரைசலே ஏற்றது.
* பித்தளை: வெற்றுத் தோட்டா உறைகளுக்கு நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசல் பயன்படுகிறது. இதே கரைசலை நீலமேற்றிய உறுப்புகளுக்குப் பயன்படுத்தலாகாது.

பல உலோகங்கள் சேர்ந்த உறுப்புகளுக்கு, அவற்றுள் எளிதில் அரிபடும் உலோகத்தைக் கருத்திற்கொண்டே கரைசல் தெரிவு செய்யப்படுகிறது.

அமோனியாவும் பித்தளையும்

அமோனியா செம்புப் படிவைக் கரைக்க வல்லது. ஆயினும், தகைவுக்கு உட்பட்ட பித்தளையில் அது வெடிப்புகளை உண்டாக்கும். பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்துப் போயின. இது 'பருவ வெடிப்பு' எனப் பெயர் பெற்றது. விலங்குகளின் கழிவிலிருந்து எழுந்த அமோனியாவும், உறையை வடிவமைக்கும்போது உலோகத்தில் தங்கிய தகைவும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்பது 1921 இல் விளக்கப்பட்டது.

தவிர்க்க வேண்டியவை

பெட்ரோல், அசிட்டோன், ஆல்ககால் முதலிய எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை இத்தொட்டியில் ஊற்றக் கூடாது. அதிர்வும் வெப்பமும் ஆவியை மிகுவிப்பதால், கருவியின் மின்பொறி ஒன்றே தீ விபத்துக்குப் போதுமானது. குளோரின் வெளுப்பான்கள் துருப்பிடிக்காத எஃகிலும் குழிகளை உண்டாக்கும். மேலும் அவை அமிலத்துடனோ அமோனியாவுடனோ கலந்தால் நச்சு வளிமங்கள் வெளிப்படும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்த பின்னரே உறுப்புகள் கழற்றப்பட வேண்டும். வெடிக்காத தோட்டாக்களை எந்நிலையிலும் தொட்டியில் இடலாகாது. மரப் பிடிகள், ஒளியியல் குறிநோக்கிகள், வண்ணப்பூச்சு உள்ள பகுதிகள் ஆகியனவும் இம்முறைக்கு உரியவை அல்ல.

தூய்மையாக்கிய பின்

கரைசல் அழுக்குடன் பழைய மசகெண்ணெயையும் முற்றாக நீக்கிவிடுவதால், வெறுமையான எஃகு விரைவில் துருப்பிடிக்கும். எனவே உறுப்புகளைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, முழுமையாக உலர்த்தி, உடனே எண்ணெயிட வேண்டும்.

கழிவு

பல தோட்டாக்களின் தீமூட்டியில் ஈயச் சேர்மங்கள் உள்ளன. குண்டுகளிலிருந்தும் ஈயம் படிகிறது. ஆதலால் பயன்படுத்திய கரைசல் ஈயம் கலந்த நச்சுக் கழிவாகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இக்கருவியைச் சமையலறையில் பயன்படுத்துவதும், கரைசலைச் சாக்கடையில் ஊற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டும். கையுறை அணிதல், காற்றோட்டமான இடத்தில் மூடியிட்டு இயக்குதல், மூடிய கலத்தில் கழிவைச் சேர்த்து இடர்மிகு கழிவாக ஒப்படைத்தல் ஆகியன பரிந்துரைக்கப்படும் நடைமுறைகள்.

இவற்றையும் பார்க்க

* மீயொலி
* அரிமானம்
* ஈய நச்சேற்றம்