அணையாத அடுப்பு

தர்மத்தைத் தொடங்குவது சுலபம். தொடர்ந்து நடத்துவதுதான் கஷ்டம். ஒரு நல்ல நாள் பார்த்துப் பந்தல் போட்டு, மேளம் வாசித்து, நூறு ஏழைகளுக்கு அன்னமிட்டுவிடலாம். ஆனால் மறுநாளும் பசிக்குமே! அன்றைக்கு அடுப்பு மூட்ட யார் வருவார்கள்? நம் நாட்டில் எத்தனையோ அன்னசத்திரங்கள் பாழடைந்து கிடப்பதற்கு, இந்தக் கேள்விக்கு விடை காணாததும் ஒரு காரணமாகும்.

விடை கண்ட ஊர் ஒன்று கடலூர் ஜில்லாவில் இருக்கிறது. அதுதான் வடலூர். இராமலிங்க அடிகளார் அங்கே 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி, அதாவது பிரபவ வருஷம் வைகாசி 11-ந் தேதி, தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு முந்திய வருஷத்தில்தான் ஒரிஸ்ஸாவையும் சென்னை ராஜதானியின் சில பகுதிகளையும் கடும் பஞ்சம் வாட்டியிருந்தது. பசித்து வந்தவனிடம் ஜாதி என்ன, மதம் என்ன, ஊர் எது என்று கேளாமல் சோறிட வேண்டும் என்பது அடிகளார் வகுத்த விதி.

அடிகளாருக்கு ஆஸ்தி ஏது? தருமச்சாலைக்கு இடம் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் கிராமத்து ஜனங்கள். அவர்கள் மனமுவந்து விட்டுக் கொடுத்த நிலம் 80 காணி. இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கர். ஒரு ராஜாவின் மானியமாக வந்திருந்தால் அது ஒருவருடைய தர்மமாக இருந்திருக்கும். பலர் சேர்ந்து கொடுத்ததால் அது ஊராரின் தர்மமாயிற்று.

1874-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி அடிகளார் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். தலைவர் மறைந்தால் அவர் கண்ட ஸ்தாபனமும் தளர்வதே உலக வழக்கம். போதாக்குறைக்கு, இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். அந்தச் சோதனைகளையெல்லாம் கடந்து தருமச்சாலை நிலைத்துவிட்டது. அடிகளார் காலத்தில் மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை என்று அன்பர்கள் பெருமையுடன் சொல்கிறார்கள். இப்போது நிர்வாகம் அறநிலையத் துறையிடம் இருக்கிறது. ஆயினும் அரிசியும் காய்கறியும் கொண்டுவரும் கைகள் ஓயவில்லை. தைப்பூசத்தன்று பல ஊர்க்காரர்கள் அங்கே கூடுவதைக் காணலாம்.

இதிலே நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் பாட்டிமார் அறிந்த பிடியரிசி வழக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். ஒரு பிடி ஐம்பது கிராம் என்று கொண்டால், நூறு வீடுகளில் தினம் ஐந்து கிலோ சேரும். ஆளுக்கு நூறு கிராம் வீதம் அது ஐம்பது பேருக்கு ஒரு வேளைச் சோறு! எந்த வீட்டிலும் பானை குறைந்ததாகத் தெரியாது.

ஆனால் பிடியரிசி தானாக நடந்து வராது. வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாங்கிவர இரண்டு பேர் வேண்டும். கணக்கு எழுத ஒருவர் வேண்டும். அந்தக் கணக்கை ஊரார் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் இன்னொருவர் போக வேண்டும். அன்னசாலையைக் காப்பாற்றுவது இந்தச் சில்லறை வேலைகளே.

உங்கள் தெருவிலோ பக்கத்து ஊரிலோ ஓர் அன்னசாலை தள்ளாடிக் கொண்டிருக்கலாம். அதை மூடிய பிறகு இரங்குவதில் பயனில்லை. இன்றே ஒரு பானையை எடுத்து வையுங்கள். அடுத்த வீட்டு அம்மாளிடமும் சொல்லுங்கள்.