பசுமை மண்டலத்துக்குள்ளே – 9: ஒரு ஓட்டில் ஜெயித்தவர்

2005 டிசம்பர் 15 தேர்தலோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ஈராக் நாடாளுமன்றத்தின் 275 இடங்களில் ஷியா கட்சிகளின் கூட்டணி 128 பிடித்தது. அந்தக் கூட்டணி யாரைப் பிரதமராக முன்னிறுத்துவது என்று 2006 பிப்ரவரி 12 அன்று தனக்குள்ளேயே ஓட்டெடுத்தது. இப்ராஹிம் அல்-ஜாஃபரிக்கு 64, ஆதில் அப்துல் மஹ்திக்கு 63. ஷியா மதகுரு முக்ததா அல்-சதரின் ஆட்கள் ஜாஃபரி பக்கம் சாய்ந்ததால் வந்த ஒரு ஓட்டு அது.

ஜாஃபரி ஏற்கெனவே ஓராண்டுக்கு அருகில் பிரதமராக இருந்து பார்த்தவர்தான். அவரை மறுபடி ஏற்க மாட்டோம் என்று குர்துக் கட்சிகள் சொல்லிவிட்டன, சுன்னிக் கட்சிகளும் அப்படியே. அந்த ஓட்டெடுப்பு நடந்த பத்தே நாளில் சமாராவின் தங்கக் கோபுர மசூதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாக்தாதில் தினமும் பிணங்கள் விழ ஆரம்பித்தன. மார்ச் 16ல் முதன்முறையாகக் கூடிய நாடாளுமன்றம் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கலைந்தது.

அமெரிக்கத் தூதர் ஸல்மே கலீல்ஸாத் கட்சி கட்சியாகப் பேசிக்கொண்டிருந்தார். ஜாஃபரி வேண்டாம் என்று அதிபர் புஷ்ஷே அவர் வழியாகச் சொல்லியனுப்பினார் என்று ஷியா தலைவர்கள் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஏப்ரல் 2 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கண்டலீசா ரைஸும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவும் ஒரே விமானத்தில் பாக்தாத் வந்து இறங்கினார்கள். பிரதமரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வேலையல்ல, சீக்கிரம் அரசு அமைந்தால் போதும் என்றார்கள். அதைச் சொல்ல இரண்டு வல்லரசுகளின் அமைச்சர்கள் நேரில் வர வேண்டுமா? மின்சாரம் எப்போது வரும் என்று காத்திருந்த பாக்தாத்வாசிக்கு இந்தக் கணக்குப் புரியாமலா போகும்!

ஆள்பவரை வெளிநாட்டான்தான் தேர்ந்தெடுக்கிறான் என்ற பாக்தாத்வாசிகளின் சந்தேகத்துக்கு அப்போதே வயது 80க்கு மேல். 1921ல் ஈராக்குக்கு ஒரு மன்னர் தேவை என்று பிரிட்டன் கெய்ரோ மாநாட்டில் முடிவுசெய்தது. அந்நிய மன்னர் வேண்டாம், ஈராக் ஈராக்கியர்களுக்கே என்று பேசிவந்தவர் பஸ்ராவின் சையத் தாலிப். அவரும் அரியணைமேல் கண் வைத்தவர்தான், அது வேறு விஷயம். அந்த ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆணையர் பெர்சி காக்ஸின் வீட்டுக்குத் தேநீர் விருந்துக்குப் போனார். குடித்துவிட்டு வெளியே வந்தவரைக் கைதுசெய்து, நாடு கடத்தி, நம் பக்கத்துச் சிலோனில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டன் தேர்ந்தெடுத்த ஃபைசலுக்கு 96 சதவீத ஆதரவு என்று அறிவித்தார்கள். ஆகஸ்ட் 23ல் முடிசூட்டு விழா.

அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். 2004ல் இடைக்கால அரசை அமைக்க ஐ.நா. அனுப்பிய லக்தர் பிராஹிமி நாடெங்கும் ஆலோசனை நடத்தினார். பிரதமராக வந்ததோ சி.ஐ.ஏ.வோடு பழைய தொடர்புள்ள இயாத் அல்லாவி. அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர்தான் இங்கே சர்வாதிகாரி என்று பிராஹிமியே நிருபர்களிடம் சொன்னார். ஐ.நா. தூதுவரே இப்படிச் சொன்ன பிறகு, வெளிநாட்டான்தான் எல்லாம் செய்கிறான் என்று தெருவில் பேசுபவரை வதந்தி பரப்புகிறவர் என்று எப்படித் திட்டுவது?

ஆனால் 2006ல் அந்தப் பேச்சு முழு உண்மையும் இல்லை. ஜாஃபரி போகட்டும் என்று நினைத்த ஈராக்கியர்கள் ஏராளம். அவருடைய சொந்தக் கூட்டணியில் 63 பேர் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள். ரைஸ் வந்துபோன பிறகு அவர்கள் வாயைத் திறந்தால் அமெரிக்காவின் ஆள் என்ற பட்டம் காத்திருந்தது. ஜாஃபரியும் ஒரே நாளில், அந்நியருக்கு வளையாதவர் ஆகிவிட்டார். ராஜதந்திரம் செய்த பெரிய சேதம் இது என்பேன். அவரை எதிர்க்கும் உரிமையை அது ஈராக்கியர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

ஏப்ரல் 20ல் ஜாஃபரி விட்டுக்கொடுத்தார். 22ஆம் தேதி அவருடைய தாவா கட்சியைச் சேர்ந்த நூரி அல்-மாலிகியின் பெயர் வந்தது. வெளியுலகம் அதிகம் அறியாத மனிதர். மே 20ல் அவரது அமைச்சரவை பதவியேற்றபோது பாதுகாப்புத் துறைக்கும் உள்துறைக்கும் நிரந்தர அமைச்சர்கள் கிடையாது. ஜூன் 8 வரை இழுத்தது.

அந்த மாலிகி எட்டாண்டுகள் நாற்காலியை விடவில்லை. 2010 தேர்தலில் அல்லாவியின் அணிக்கு 91 இடம், மாலிகிக்கு 89. அமெரிக்கா, ஈரான் இரண்டுமே கடைசியில் 89க்காரர் பக்கம் வந்து நின்ற கதை அடுத்த வாரம்.