சொல்லுக்கு அடியில் புள்ளிகள்

ஒரு சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். 60-க்கும் மேற்பட்ட கதைகள். போன வாரம் முழுக்க அதுதான் வேலை. கதைகளைப் பற்றி முடிவு வரும்வரை நான் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அவை வந்து சேர்ந்த கோலத்தைப் பற்றிப் பேசலாம். அதற்கு விதிமுறையில் தடை இல்லை.

யூனிகோட் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பில் தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். கேட்டு நடந்தவர்கள் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒருவர் உரையாடல் எல்லாவற்றையும் சிவப்பில் போட்டிருந்தார். இன்னொருவர் கதையின் கடைசி வரியை மட்டும் 24 புள்ளியில், நடுவில், அடிக்கோடிட்டு வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. புலனத்தில் வந்த கதைகளில் சொற்களுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறிகள். புலனத்தில் அப்படிப் போட்டால் எழுத்து தடிக்கும். அதையே வெட்டி வேறு கோப்பில் ஒட்டினால் தடிப்பு போய்விடும், நட்சத்திரம் மட்டும் நிற்கும். ஒரு அம்மா கதை முழுவதையும் தடித்த எழுத்தில் அனுப்பியிருந்தார். ஏற்பாட்டாளர் வழியாகக் கேட்டதற்கு, "கண்ணு சரியா தெரியலைங்க, அதான்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் விஷயம். நான் அதற்குள் என்னென்னவோ யோசித்துவிட்டேன்.

கைப்பிரதியில் வரும் கோடு, தடிப்பு, சாய்வு எதையும் நான் கேட்காமல் கடப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

எழுத்தாளர்களுக்கும் எழுத்துருவுக்கும் உள்ள உறவை வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் இன்றும் சிலர் கூரியர் எழுத்துருவை விடமாட்டார்கள். தட்டச்சு இயந்திரத்தில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். அந்தத் தோற்றத்தைக் கணினியிலும் காப்பாற்றும் எழுத்துரு அது. ஒரு பக்கத்துக்கு இத்தனை சொல் என்று கண்ணாலேயே கணக்குப் போடலாம் என்பார்கள். நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. பழக்கம்தான். விண்டோஸ் கணினியோடு வந்த லதாவில் எழுதிப் பழகியவர் அதிலேயே நிற்பார். மேக் கணினி வைத்திருப்பவர் இணைமதியில் எழுதுவார். 1990-களில் முரசு அஞ்சலில் விரல் பழகிய என் நண்பர் ஒருவர், "எழுத்து மாறினா கதையே வரமாட்டேங்குது" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் மெய்ப்புத் திருத்தும்போது நானும் வேண்டுமென்றே வேறு எழுத்துருவுக்கு மாற்றித்தான் படிக்கிறேன். கண்ணுக்குப் பழகிய வடிவம் மாறினால், பத்து முறை படித்தும் படாத பிழை பதினோராவது முறை பளிச்சென்று தெரியும். ஆகவே அவரைச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

யூனிகோட் பரவும் முன்பு இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. பாமினியில் தட்டச்சு செய்து அனுப்பிய கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். மாற்றி (அதற்கென்று தனிச் செயலிகள் இருந்தன) மூலம் எழுத்தை மீட்டுவிடலாம். ஆனால் அந்தச் செயலிகளில் பல எழுத்தை மட்டும்தான் மீட்கும். எழுதியவர் எங்கே தடித்தார், எங்கே சாய்த்தார், எங்கே கோடு போட்டார் என்பதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். அப்படி உதிர்ந்ததைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் புகார் சொன்னதில்லை. தமிழில் அது இல்லாமலே படிக்க முடிந்தது.

ஏன் முடிந்தது என்பதுதான் சுவாரசியம். சாய்வெழுத்து ஐரோப்பாவில் பிறந்தது. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற பதிப்பாளர் வெர்ஜிலின் கவிதைகளை முழுக்க முழுக்கச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அழுத்தம் கொடுக்க அல்ல. அந்தக் காலத்துக் கற்றவர்கள் வேகமாக எழுதும் கையெழுத்தைப் பார்த்து வார்த்த எழுத்து அது. பின்னால்தான் நேர் எழுத்துக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்ட அது பயன்பட்டது. ஆங்கிலக் கைப்பிரதியில் ஒரு கோடு போட்டால் சாய்வு, மூன்று கோடு போட்டால் பெரிய எழுத்து, அலைக்கோடு போட்டால் தடிப்பு என்று அச்சகத்துக்குச் சொல்லும் மரபு அதன் மேல் வளர்ந்தது.

நமக்கு அப்படியொரு சாய்வுக் கையெழுத்து மரபு அச்சுக்கு வரவில்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைப்பதில்லை. அழுத்தத்துக்கென்று தனி எழுத்து எங்கிருந்து வரும்? இன்று கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் நேர் எழுத்தை அப்படியே பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. கொம்பு சாய்கிறது, புள்ளி நகர்கிறது, காற்றில் வளைந்த தென்னை போல ஆகிறது. தடிப்பும் நமக்கு அவ்வளவு ஒத்துவராது. ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறியவை. மட்டமான தாளில் அச்சடித்தால் மை உள்ளே நிறைந்து கண் அடைத்துக்கொள்ளும். தலைப்புக்குச் சரி. வரிக்கு நடுவே, என்னைக் கேட்டால், வேண்டாம்.

தட்டச்சு இயந்திரத்திலும் இதே கதைதான். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு வடிவம் கொடுத்த யாழ்ப்பாணத்து இரா. முத்தையா இளம்வயதில் இந்த மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து வேலை பார்த்தவர். அந்த இயந்திரத்தில் அழுத்தம் வேண்டுமென்றால் பின்னால் நகர்த்திக் கோடு போடலாம், அல்லது அதே சொல்லின் மேல் இன்னொரு முறை அடிக்கலாம். வேறு வழி கிடையாது.

ஆனால் தமிழுக்குத் தேவையான அழுத்தத்தை மொழியே தன் பையில் வைத்திருக்கிறது. 'நான் சொன்னேன்' என்று எழுதுங்கள். ஆங்கிலக்காரர் 'நான்' என்பதைச் சாய்த்து எழுதிக் காட்டுவதை நாம் 'நானே சொன்னேன்', 'நான்தான் சொன்னேன்', 'நானும் சொன்னேன்', 'சொன்னது நான்', 'நானா சொன்னேன்?', 'சொல்லத்தான் சொன்னேன்' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு. தொல்காப்பியம் ஏகாரம் ஒன்றுக்கே ஐந்து பொருள் சொல்கிறது. அதில் ஒன்று தேற்றம். 'இதுதான், சந்தேகமில்லை' என்று அடித்துச் சொல்வது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தடித்த எழுத்து என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வேன். அதனால்தான், ஒரு கதையில் பத்தி தவறாமல் தடித்த சொற்களைப் பார்த்தால் எழுதியவர் தம் வாக்கியத்தை நம்பவில்லை என்று எண்ணத் தோன்றும்.

இந்த எண்ணம் எனக்கு அப்போதே இருந்தது. அது பாதிதான் சரி என்று புரியவைத்தவர் சித்தியவானிலிருந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

1998. நான் ஒரு வார இதழில் துணையாசிரியராகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. பெரியவர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் கொஞ்ச காலம் அச்சகத்திலும் இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. கதைகளைக் கோடு போட்ட முழுத்தாளில் நீல மையில் எழுதி அனுப்புவார். 'லை', 'னை' எல்லாம் இன்னும் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். தமிழ்நாடு அரசு 1978-இல் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. நாளடைவில் நாமும் மாறினோம். அவர் மாறவில்லை. நாங்கள் கணினியில் ஏற்றும்போது மாற்றிக்கொள்வோம். அதற்கு அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த முறை வந்தது ஒரு தாயின் கதை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள். மகன் பட்டணத்துக்கு அழைக்கிறான். அவள் லயத்தை விட்டு வர மறுக்கிறாள். கதையில் அவள் பேசும் இடங்கள் பதினொன்று. அந்தப் பதினொரு இடங்களிலும் சொற்களுக்கு அடியில் வரிசையாகச் சிறு புள்ளிகள் வைத்திருந்தார் பெரியவர்.

எனக்குப் புள்ளி புதிது. கோடு போடக் கை நடுங்கியிருக்கும், அழுத்தம்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தமிழில் இது அழகாக இருக்காதே என்று ஒரு கணம் தயங்கினேன். மூத்த எழுத்தாளர், கேட்டதைச் செய்துவிடுவோம் என்று தடித்த எழுத்தில் போட்டேன். பிறகு மெய்ப்பு பார்க்க உட்கார்ந்தபோது கொச்சை கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொச்சை என்றால் பிழை. அவள் "நா வல்லடா. இந்த மரத்த உட்டுட்டு நா எங்க போறது" என்கிறாள். அதை நான் "நான் வரவில்லையடா. இந்த மரங்களை விட்டுவிட்டு நான் எங்கே போவது?" என்று ஆக்கினேன். பதினொரு இடத்தையும் அப்படியே. தடித்த எழுத்தில், இலக்கண சுத்தமாக, ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி வந்தது. கோபமே இல்லை.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சுங்க ஐயா."

"கதை பார்த்தேன். ஒண்ணு கேக்கணும். எங்கம்மா எப்பம்மா இலக்கணம் படிச்சாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் பொறுமையாகச் சொன்னார். மெய்ப்புத் தாளில் ஒரு சொல்லைத் தவறாக அடித்துவிட்டு, வேண்டாம், இருந்தது இருக்கட்டும் என்று அச்சுக்கோப்பவருக்குத் தெரிவிக்க அடியில் புள்ளி வைப்பார்கள். ஓரத்தில் 'ஸ்டெட்' என்று எழுதுவார்கள். லத்தீனில் 'இருக்கட்டும்' என்று பொருள். அச்சகத்தில் கற்றதை அவர் கைப்பிரதிக்குக் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் திருத்துவோம் என்று தெரிந்தே, முன்கூட்டியே, அம்மாவின் பேச்சில் கை வைக்காதே என்று பதினொரு இடத்தில் கேட்டிருக்கிறார். நான் ஒவ்வொன்றிலும் கை வைத்து, அதைத் தடித்த எழுத்தில் ஊருக்கும் காட்டியிருக்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, அடுத்த வாரம் திருத்தம் போடுறோம்" என்றேன். "செத்துப்போனவங்க பேச்ச எப்படிம்மா திருத்தம் போடுவ?" என்று கேட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் இதழுக்கு அவர் கதை அனுப்பவில்லை. வேறு இதழ்களில் எழுதினார், படித்திருக்கிறேன். எங்களுக்கு அனுப்பவில்லை.

அன்றிலிருந்து என் பழக்கம் மாறியது. கைப்பிரதியில் ஏதாவது குறி இருந்தால் எழுதியவரைக் கூப்பிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டுவிடுவேன். வியப்பாக இருக்கும். தடித்த சொற்களில் பெரும்பாலானவற்றை அவர்களே, "அது சும்மா, எடுத்துடுங்க" என்பார்கள். சிலர் எதையோ பயந்து வைத்திருப்பார்கள்: இந்தச் சொல்லை மாற்றிவிடுவார்கள், இந்தப் பெயரைத் தவறாகப் படிப்பார்கள், இந்த இடம் புரியாமல் போய்விடும் என்று. அந்தப் பயத்துக்கு வாக்கியத்திலேயே வழி பார்க்கலாம். கோட்டை மட்டும் அழித்தால் பயம் அப்படியே இருக்கும்.

மலாய்ச் சொற்கள் இன்னொரு வழக்கு. 'பாசார் மாலாம்', 'கம்போங்' என்று எழுதும்போது ஆங்கில நூல்களைப் பார்த்துச் சாய்வெழுத்தில் போடுகிறார்கள், இல்லையென்றால் ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்கிறார்கள் (இங்கே நானும் அடைத்திருக்கிறேன், சொல்லைப் பற்றிப் பேசுவதால்). கதைக்குள் எனக்கு அது பிடிக்காது. மூன்று தலைமுறையாக வியாழக்கிழமை தோறும் பாசார் மாலாமுக்குப் போய் வருகிற குடும்பம், அந்தச் சொல்லை மட்டும் இடுக்கியால் பிடித்துக் காட்டுவானேன்? சிங்கப்பூர் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வெளிநாட்டு வாசகர் தடுமாறுவார் என்பது அவர் கட்சி. தடுமாறட்டுமே என்பது என் கட்சி. இருவரும் இதில் பல தேநீர் குடித்திருக்கிறோம்.

பெரியவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் மகள், அப்பாவின் கதைகளைத் தொகுக்க வேண்டும், உதவ முடியுமா என்று என்னிடமே வந்தார். நடந்ததை முதலில் சொல்லிவிட்டேன். "அப்பா சொல்லியிருக்காருங்க, அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். கைப்பிரதியின் கார்பன் நகல் ஒன்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். நீலம் மங்கிப் போயிருந்தாலும் புள்ளிகள் தெரிந்தன.

புத்தகத்துக்கு அந்தக் கதையை நானே தட்டச்சு செய்தேன். யூனிகோட், நேர் எழுத்து, தடிப்பு கிடையாது, மேற்கோள் குறிகூடக் குறைத்துவிட்டேன். பத்து இடங்களில் சிக்கல் இல்லை. பதினொன்றாவது இடத்தில் அவள், வெயில் ஏறுமுன் போக வேண்டும், இல்லையென்றால் "பாலு ஒரஞ்சிடும்" என்கிறாள். பால் உறையும் என்பதற்கு வல்லின 'ற' அல்லவா வர வேண்டும்? காதுக்கு இரண்டும் ஒன்றுதான், தாளில்தான் வேறு. எழுத்துப் பிழை விடும் ஆளில்லை அவர். வேகத்தில் கை தவறியதா, வேண்டுமென்றே எழுதினாரா, இனி கேட்க ஆளில்லை. மகளைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

அடியில் ஆறு புள்ளி இருந்தது. அப்படியே விட்டேன்.